வராமல் போன கூட்டம்: டிஸ்னிலாண்டின் 14 ஏக்கர் கணக்கு

2019 ஜூன் 24 காலை. கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் உள்ள டிஸ்னிலாண்ட் ஒரு பெருவெள்ளத்துக்குத் தயாராக நின்றது. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் உலகத்தை நிஜத்தில் எழுப்பிக் காட்டும் ‘கேலக்ஸிஸ் எட்ஜ்’ என்ற புதுப் பகுதி மே 31-ஆம் தேதியே திறந்துவிட்டது. ஆனால் முதல் 24 நாளும் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஆளுக்கு 4 மணி நேரம், கையில் ஒரு வண்ணப் பட்டை, நேரம் முடிந்தால் வெளியே வந்துவிட வேண்டும். ஜூன் 24 முதல் பூங்காவுக்குள் இருக்கும் யார் வேண்டுமானாலும் போகலாம். உள்ளே இடம் நிரம்பிவிட்டால் செல்போன் வழியே வரிசை எண் கொடுத்துக் கூப்பிடுவதற்குக்கூட ஏற்பாடு இருந்தது.

எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் உள்ள டிஸ்னி பூங்காக்களின் வருகை முந்தைய ஆண்டைவிட 3 சதவீதம் குறைந்தே போனது. பூங்காவின் வரலாற்றிலேயே மிகப் பெரிய விரிவாக்கம் என்று சொல்லி 14 ஏக்கரில் புதிதாகக் கட்டித் திறந்த கோடையில் இது நடந்தது.

ரைடு பிடிக்கவில்லை, படத்தின் மவுசு போய்விட்டது என்றெல்லாம் அப்போது பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூட்டத்தைச் சமாளிக்க டிஸ்னி எடுத்த ஏற்பாடுகளே கூட்டத்தை விரட்டிவிட்டன என்றுதான் தோன்றுகிறது. அது எப்படி என்று பார்க்க வேண்டுமானால், ஒரு தீம் பார்க்கில் எத்தனை பேர் கொள்ளும் என்ற கணக்கை யார், எப்படிப் போடுகிறார்கள் என்பதில் தொடங்க வேண்டும்.

டிஸ்னிலாண்டுக்கு இந்தக் கணக்கு முதல் நாளே தப்பியது. 1955 ஜூலை 17 அன்று நடந்த திறப்பு விழா அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஆனால் போலி அழைப்பிதழ்கள் அச்சாகி, கூப்பிட்டதைவிட மிக அதிகமான ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. அதற்கு முன்பு குழாய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் வேறு. கழிப்பறையா, குடிநீர்க் குழாயா, இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை வந்தபோது வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். காசு கொடுத்துக் குளிர்பானம் வாங்க வைக்கத்தான் குடிநீரை நிறுத்திவிட்டார்கள் என்று வந்தவர்கள் திட்டினார்கள். மனிதர் எடுத்த முடிவு சரிதான் என்பேன். ரைடு ஓடாவிட்டால் கூட்டம் முணுமுணுக்கும், கழிப்பறை இல்லாவிட்டால் கலைந்தே போய்விடும்.

அவர் வாங்கியது 160 ஏக்கர், பெரும்பகுதி ஆரஞ்சுத் தோப்பு. பூங்கா பிரபலமானதும் சுற்றிலும் மோட்டல்களும் உணவகங்களும் முளைத்து நாலாபக்கமும் அடைத்துவிட்டன. அந்தக் கசப்பில்தான் அடுத்த முறை ஃப்ளோரிடாவில் 27,000 ஏக்கருக்கும் மேல் வளைத்துப் போட்டார். அனஹைமில் அந்த வசதி கிடையாது. அங்கே எதை விரிக்க வேண்டுமானாலும் இருப்பதற்குள் எதையாவது சுருக்க வேண்டும்.

இந்த நெருக்கடியில் பிறந்த வித்தை ஒன்று உண்டு. பூங்காவைச் சுற்றி ஒரு மண்மேடு, அதன் மேல் ரயில் பாதை. வெளியுலகம் கண்ணில் படாமல் மறைப்பதற்காக எழுப்பியது அது. 1967-ல் வந்த கடற்கொள்ளையர் படகு ரைடும், 1969-ல் வந்த பேய் மாளிகையும் மேட்டுக்கு உள்ளே வாசலை மட்டும் வைத்திருக்கின்றன. படகு ரைடில் அருவியில் சறுக்கி இறங்குவோம். மாளிகையில் சுவர் நீள்வதுபோல் தோன்றும் அறை உண்மையில் கீழே இறங்கும் லிஃப்ட். இரண்டுமே நம்மை ரயில் பாதைக்கு அடியில் கடத்தி, மேட்டுக்கு வெளியே இருக்கும் பெரிய கட்டடத்துக்குக் கொண்டுபோகும் வழிகள். 1995-ல் இண்டியானா ஜோன்ஸ் ரைடைக் கட்டியபோதும் மேட்டைத் தாண்டித்தான் போனார்கள். மக்கள் நடமாடும் தரையைத் தொடாமல் ரைடை மட்டும் வெளியே தள்ளுவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது கூட்ட நாளில் போனால்தான் புரியும்.

சரி, ஒரு ரைடின் கொள்ளளவு என்றால் என்ன? நம் கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளலாம். மண்டபத்தில் 1,000 நாற்காலி இருக்கலாம். ஆனால் பந்தியில் 200 இலைதான் என்றால், எத்தனை பேரை அழைக்கலாம் என்பதைப் பந்திதான் முடிவு செய்கிறது. ஒரு பந்தி எவ்வளவு நேரத்தில் எழுந்திருக்கிறது, இலை எடுத்துத் துடைத்து அடுத்த பந்தி உட்கார எத்தனை நிமிடம் என்பதில் இருக்கிறது விஷயம். ரைடும் அப்படித்தான். ஒரு பெட்டியில் எத்தனை இருக்கை என்பதைவிட, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்கி அனுப்புகிறது என்பதுதான் எண்.

டிஸ்னி ஆட்கள் இதைக் கற்றுக்கொண்டது 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சியில். அங்கே வரும் பெருங்கூட்டத்தைக் கடத்திவிட நிற்காமல் மிதந்துகொண்டே இருக்கும் படகுகளை உருவாக்கினார்கள். பொம்மைகள் பாடும் ‘ஸ்மால் வேர்ல்ட்’ படகுப் பயணம் அதில் வந்ததுதான். கடற்கொள்ளையர் காட்சி முதலில் மக்கள் நடந்தே பார்க்கும் மெழுகுப் பொம்மைக் கூடமாகத்தான் திட்டமிடப்பட்டிருந்தது. நடந்து போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்வார்கள். படகில் ஏற்றிவிட்டால் தண்ணீரே தள்ளிக்கொண்டு போய்விடும். பேய் மாளிகைக்கு இன்னொரு படி மேலே போய், சங்கிலியாகக் கோத்த இருக்கைகள் நிற்காமலே நகர, மக்கள் நகரும் பட்டையில் நடந்து ஏறிக்கொள்ளும்படி செய்தார்கள். மணிக்கு 2,000 பேருக்கு மேல் போகும் இந்த மாதிரி ரைடுகளை இத்தொழிலில் ‘ஆள் விழுங்கி’ என்ற பொருளில் செல்லமாகக் குறிப்பிடுவார்கள். விளம்பரப் பலகையில் வருவது வேகமான ரோலர் கோஸ்டர்தான். பூங்காவைத் தாங்கிப் பிடிப்பதோ இந்த ஆள் விழுங்கிகள்.

கூட்டத்தைப் பிரித்துவிட இன்னொரு பழைய கருவி டிக்கெட் புத்தகம். 1955 அக்டோபரில் வந்தது. ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுகள் இருக்கும். 1959-ல் ‘ஈ’ சேர்ந்தது, பெரிய ரைடுகளுக்கு மட்டும். ஈ சீட்டு தீர்ந்துவிட்டால் கையில் மிஞ்சிய ஏ, பி சீட்டை வீணாக்க மனம் வராது. சின்ன ராட்டினத்தில் ஒரு சுற்று, குதிரை வண்டியில் ஒரு சுற்று என்று மக்கள் தாமாகப் பரவினார்கள். 1982-ல் புத்தகம் போய், ஒரே டிக்கெட்டில் எதில் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஆனது. மக்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அன்றிலிருந்து எல்லோருமே நேராக அந்த ஐந்தாறு பெரிய ரைடுகளுக்குத்தான் ஓடுகிறார்கள். வாடிக்கையாளருக்குத் தாராளமாகத் தெரியும் ஒரு முடிவு வரிசையை நீட்டிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

வரிசையின் நீளத்துக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்தது. வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை என்பது, மணிக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்பதைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. அவ்வளவுதான். மணிக்கு 1,600 பேரை ஏற்றும் ரைடில் 3 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால், அங்கே 4,800 பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு அரை சதுர மீட்டர் என்று நெருக்கி நிறுத்தினாலும் 2,400 சதுர மீட்டர் தரை வேண்டும். திறந்த புதிதில் இந்த இடத்தை யோசிக்காவிட்டால் வரிசை வாசலைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிடும். நடைபாதையை அடைத்தால் ரைடுக்குப் போகாதவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

1999-ல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. சீட்டு எடுத்துக்கொண்டு போய், குறித்த நேரத்தில் திரும்பி வந்தால் போதும். கேட்பதற்கு அருமையாக இருக்கிறது, இல்லையா? வரிசையில் நிற்காதவர் எங்கே போவார் என்பதுதான் அதில் விட்டுப்போன கேள்வி. இன்னொரு வரிசைக்குப் போவார், அல்லது தெருவில் நிற்பார். வளைத்து வளைத்துக் கட்டிய வரிசைக் கூடங்கள் உண்மையில் ஆட்களை அடுக்கிவைக்கும் கிடங்குகள். திருப்பதியில் கூடத்துக்குள் உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்கும் நம்மை ஒரேயடியாக மாட வீதிகளில் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் புரியும். ஃபாஸ்ட்பாஸ் கிடங்கைக் காலி செய்து தெருவை நிரப்பியது. தெருவை அதற்காக யாரும் அகலப்படுத்தியிருக்கவில்லை.

இந்த நிலையில்தான் 2015 ஆகஸ்டில் ஸ்டார் வார்ஸ் பகுதி அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே சுமார் 85 ஏக்கரில் பிதுங்கிக்கொண்டிருந்த பூங்காவில் 14 ஏக்கரை எங்கிருந்து எடுப்பது? பழைய பண்ணைப் பகுதி ஒன்றை மூடினார்கள். 2016 ஜனவரியில் நிறுத்திய ரயில், சுருக்கப்பட்ட ஆற்றோரம் புதுப் பாதையில் மறுபடி ஓட 2017 ஜூலை ஆயிற்று. புதுப் பகுதிக்கு ஒரு வாசல் வைக்காமல், பூங்காவின் மூன்று வெவ்வேறு மூலைகளிலிருந்து மூன்று வழிகள் விட்டார்கள். ஒரு வழி அடைத்தால் இன்னொன்றைத் திறக்கலாம், ஒன்றை உள்ளே வர, ஒன்றை வெளியே போக என்று மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு முடிவுக்காகவே வரைபடம் போட்டவர்களைப் பாராட்டலாம்.

புதுப் பகுதிக்கு வெளியே நடந்த வேலையோ இன்னும் சுவாரசியமானது. ‘ப்ராஜெக்ட் ஸ்டார்டஸ்ட்’ என்று பெயர். பூச்செடித் தொட்டிகளைச் செதுக்கினார்கள், கோட்டையைச் சுற்றிய பாதையை அகலப்படுத்தினார்கள், குழந்தை வண்டிகள் நிறுத்தும் இடங்களை மாற்றினார்கள். 2019 மே 1 முதல் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேற்பட்ட குழந்தை வண்டிக்குத் தடை. உள்ளே இருந்த புகைபிடிக்கும் இடங்களையும் எடுத்துவிட்டார்கள். அதே கோடையில் சுமார் 6,500 கார்கள் நிற்கும் புது அடுக்குமாடி நிறுத்தமும் திறந்தது. ஒரு பூச்செடித் தொட்டியை அரை மீட்டர் சுருக்குவது செய்தியாகாது. ஆனால் நெரிசல் என்பது எப்போதும் பாதையின் மிகக் குறுகிய புள்ளியில்தான் தொடங்கும். ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டால் நடை தானாக நின்றுவிடும், அதற்கு மேல் போனால் ஆபத்து.

இதுவரை எல்லாம் சரி. தரையைச் செம்மைப்படுத்தியதோடு நின்றிருக்கலாம். கூட்டத்தின் வரத்தையும் கூடவே இறுக்கினார்கள். 2019 ஜனவரியில் கட்டணம் உயர்ந்தது. ஒரு நாள் டிக்கெட்டில் மிகக் குறைந்தது 97 டாலரிலிருந்து 104 ஆனது, உச்ச நாளுக்கு 135-லிருந்து 149. வருடாந்திர பாஸ் வைத்திருந்த உள்ளூர்க்காரர்களில் பலருக்குக் கோடையின் பெரும்பாலான நாள்கள் மூடப்பட்டன. அனஹைமில் இவர்கள்தான் சாயங்காலம் சும்மா வந்து இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுப் போகிற கூட்டம். சுற்றுவட்டார ஹோட்டல்காரர்களோ கூட்டம் வரும் என்ற நம்பிக்கையில் வாடகையை ஏற்றிவிட்டார்கள். மூன்று வருடமாகக் ‘கட்டுக்கடங்காத கூட்டம் வரும்’ என்று செய்தி படித்துக்கொண்டிருந்த வெளியூர்க் குடும்பங்கள், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். அன்றைய தலைமை நிர்வாகி பாப் ஐகர் ஆகஸ்டில் முதலீட்டாளர்களிடம் சொன்ன காரணங்களும் ஏறக்குறைய இவைதான்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அணை போட்டதில் ஆறே வறண்டுவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவும் நியாயமானது. விலையைக் கூட்டினால் இவ்வளவு பேர் குறைவார்கள், பாஸை நிறுத்தினால் இவ்வளவு பேர் குறைவார்கள் என்று தனித்தனியே மதிப்பிடலாம். மக்கள் மனதில் அவை கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக வேலை செய்தன என்பது என் ஊகம்.

அப்புறம், முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். புதுப் பகுதியின் இரண்டு ரைடுகளில் பெரியது அப்போது தயாராகவே இல்லை. ஆறு பேர் சேர்ந்து விண்கலம் ஓட்டும் ‘ஸ்மக்லர்ஸ் ரன்’ மட்டும்தான் ஓடியது. 14 ஏக்கருக்கு ஒரு ரைடு. கூட்டம் கம்மியாக வந்தது ஒருவகையில் டிஸ்னியின் அதிர்ஷ்டம். சொன்னபடி வந்திருந்தால் அத்தனை பேரையும் விழுங்க அங்கே வாய் இருக்கவில்லை. இரண்டாவது ரைடான ‘ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்’ 2020 ஜனவரி 17-இல் திறந்தது. அதற்குச் செல்போனில் மட்டும்தான் வரிசை எண். பூங்கா திறக்கும் நேரத்தில் உள்ளே இருந்தால்தான் எண் கேட்க முடியும், அன்றைய எண்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆக, வரிசையை ஒழிக்க வந்த ஏற்பாடு, விடிவதற்கு முன்பே வாசலில் ஒரு பெருவரிசையை உண்டாக்கியது.

இதே சிக்கலை ஃப்ளோரிடாவின் யூனிவர்சல் பூங்கா ஒன்பது வருடத்துக்கு முன்பே சந்தித்தது. 2010 ஜூன் 18-இல் ஹாரி பாட்டர் பகுதி திறந்தபோது, அங்கே புதிதாகக் கட்டிய பெரிய ரைடு ஒன்றுதான். மற்ற இரண்டும் பழைய ரோலர் கோஸ்டர்களுக்குப் புதுச் சட்டை போட்டவை. அவர்கள் எதிர்பார்த்த இடத்தில் நெரிசல் வரவில்லை, கடைகளில் வந்தது. கதைக்கு ஏற்றபடி குட்டியூண்டாகக் கட்டிய மந்திரக்கோல் கடைக்குள் ஒரு தடவைக்கு இருபத்தைந்து பேர் போனால் அதிகம். அந்தக் கோலை வாங்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள்! கடைக்குள் நுழைய வெயிலில் வரிசை, கதையில் வரும் பட்டர்பியர் என்ற பானத்தைக் குடிக்க வரிசை. ரைடுக்குக் கொள்ளளவு கணக்குப் போட்டவர்கள் கல்லாவுக்குப் போட மறந்துவிட்டார்கள்.

2014-ல் அவர்கள் செய்த திருத்தம்தான் இத்துறையில் நான் பார்த்த மிகச் சாமர்த்தியமான விரிவாக்கம். இரண்டாவது ஹாரி பாட்டர் பகுதியை முதலாவதற்குப் பக்கத்தில் கட்டாமல், அடுத்த பூங்காவில் கட்டினார்கள். சுறா ரைடு இருந்த இடம் அது. இரண்டுக்கும் நடுவே கதையில் வரும் ரயிலையே ஓடவிட்டார்கள். ஏறுவதற்கு இரண்டு பூங்காவுக்குமான டிக்கெட் வேண்டும். அந்த ரயில் ஒரே நேரத்தில் ரைடு, போக்குவரத்து, கூட்டத்தைச் சமன்படுத்தும் தராசு, கூடுதல் வருமானம் என நான்கு வேலை பார்க்கிறது. மந்திரக்கோல் கடையைப் பெரிதாக்கி, உள்ளே கோல் தேர்ந்தெடுக்கும் காட்சி நடக்கும் அறைகளைப் பல மடங்காக்கினார்கள். வாங்கிய கோலைத் தெருவோரக் கடை ஜன்னல்களில் வீசினால் பொம்மை ஆடும், தண்ணீர் பீய்ச்சும். தெரு முழுக்கச் சின்னச் சின்னக் கும்பலாக மக்கள் பரவி நிற்கிறார்கள். பழைய டிக்கெட் புத்தகத்தின் ஏ, பி சீட்டு செய்த வேலையை இங்கே ஒரு பிளாஸ்டிக் கோல் செய்கிறது.

தோக்கியோவில் இன்னொரு வழி. அங்குள்ள இரு டிஸ்னி பூங்காக்களையும் நடத்துவது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். 2018 நிதியாண்டில் 3 கோடியே 25 லட்சம் பேர் வந்தார்கள், அதுதான் உச்சம். கொரோனாவுக்குப் பிறகு ஒரு நாளைக்கு விடும் ஆட்களின் உச்சவரம்பை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டார்கள். 2023 நிதியாண்டில் வந்தவர்கள் 2 கோடியே 75 லட்சம்தான், விற்பனை வருமானமோ அதுவரை இல்லாத உச்சம். 32,000 கோடி யென் செலவில் ‘ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸ்’ பகுதியை 2024 ஜூன் 6-இல் திறந்தபோதும் அனுமதிச் சீட்டு வைத்தே ஆட்களை விட்டார்கள். ஆள் குறைந்தாலும் தலைக்குச் செலவு கூடினால் போதும் என்ற கணக்கு இது. வந்தவருக்குச் சௌகரியம்தான். டிக்கெட் கிடைக்காதவர், வேகமாக ஏறத் தனிக் காசு கொடுக்க முடியாதவர் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும்.

அனஹைமுக்கு வருவோம். 2024 மே மாதம் நகர்மன்றம் டிஸ்னியின் அடுத்த பெரிய விரிவாக்கத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. முதல் 10 ஆண்டில் குறைந்தது 190 கோடி டாலர் முதலீடு. கார் நிறுத்தும் தரைகளைக் கிழக்கே தள்ளிவிட்டு, அந்த இடங்களில் ரைடுகளும் ஹோட்டல்களும் வரும். கிழக்கே நிறுத்தியவர்கள் ஹார்பர் புலவார்டு சாலையைக் கடந்து வர நடைமேம்பாலமும் திட்டத்தில் உண்டு.

இந்தப் பாலத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. ஸ்டார் வார்ஸ் கூட்டத்துக்காக இதே கிழக்குப் பக்கம் கார் நிறுத்தமும் பாலமும் கட்டத்தான் முதலில் திட்டமிட்டார்கள். சாலையோரத்து மோட்டல்காரர்களும் கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். மக்கள் பாலத்தில் ஏறிப் போய்விட்டால் தங்கள் வாசல் வழியாக யார் நடப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டு, கார் நிறுத்தத்தை மேற்கே கட்டினார்கள். வால்ட் டிஸ்னியை அன்று சுற்றி வளைத்த அதே சாலைதான் இது. பூங்கா எந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பயந்ததோ, அந்தக் கூட்டத்தைத் தங்கள் வாசலிலேயே வைத்துக்கொள்ள அவர்கள் போராடி ஜெயித்தார்கள்.